நாங்கள் கனடாவுக்குப் போகவில்லை

ஜோதினிப் பிள்ளைக்கு அம்மா எழுதுவது.

சனிக்கிழமை நீ கிரேக்கத்துத் தெசலோனிக்கிக்குப் பறக்கிறாய். அங்கே ஒரு வருடம் இருந்து அடுத்த படத்தை எடுக்கப் போவதாகச் சொன்னாய். பெட்டி கட்ட நான் வரட்டோ என்று கேட்டதற்கு, "வேண்டாம் அம்மா, நீங்கள் வந்தால் மிளகாய்த்தூளையும் சேர்த்துக் கட்டிப்போடுவியள்" என்று சிரித்தாய். நான் வரக் கேட்டது பெட்டி கட்டுவதற்கு அல்ல. உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று கிழமையாக வாயால் சொல்ல முயன்று முடியாமல் இப்போது எழுதுகிறேன். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். ஆறுதலாக வாசி. எனக்குப் பிரெஞ்சில் இவ்வளவு எழுத வராது. வந்தாலும் எழுதமாட்டேன், வேறு பாஷையில் எழுதினால் வெட்கம் பாதியாகக் குறைந்துவிடும். உறையை ஒட்டாமல் விட்டிருக்கிறேன். இதை நீ யாருக்கு வாசித்துக் காட்டினாலும் எனக்குச் சம்மதம். முப்பது வருடம் மூடி வைத்தது போதும்.

முதலில் சின்ன வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ ஐந்து வருடமாக அந்தப் படத்தோடு மாரடித்தாய். யாரும் முன்னால் வந்து தயாரிக்கவில்லை. பழைய கமெரா ஒன்றை வாங்கி, சனி ஞாயிறுகளில் கஃபேயில் கோப்பை கழுவி, சிநேகிதியின் அறை மூலையில் இருந்து படத்தை வெட்டி ஒட்டினாய். பாரிஸுக்கு வந்த கிரேக்கச் சனத்தைத் தேடித் தேடிப் போனாய். சப்பாத்துத் தைக்கும் கிழவர், கப்பலில் வேலை செய்து கரை இறங்கியவர், அவர்களின் பேரப்பிள்ளைகள் என்று எல்லோரோடும் கதைத்தாய். அந்தப் பேரப்பிள்ளைகள் கிரேக்கம் விளங்கியும் பிரெஞ்சில் பதில் சொல்கிறார்கள் என்று எனக்கு வந்து சொன்னாய், அதையும் பிரெஞ்சில்தான் சொன்னாய். இத்தனைக்கும் நான் லா சப்பல் தமிழ்க் கடைகளில் உன்னைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, "மகள் ஒரு ஒஃபீசிலை வேலை செய்யிறா" என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் மரக்கறிக் கடையில் எங்கள் கோயில்காரப் பெண் ஒருத்தி மறித்து, "எங்கடை சனம் பட்ட பாட்டை எடுக்காமல் ஏன் உங்கடை மகள் கிரேக்கரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா?" என்று கேட்டாள். "அது ஆரோ குடுத்த வேலை, முடிஞ்சாப் பிறகு விட்டிடுவா" என்றேன். உன் ஐந்து வருடத்தை ஒரே வசனத்தில் அழித்துவிட்டு, கத்தரிக்காய் பொறுக்கினேன்.

அதே கேள்வியை நானும் உன்னிடம் கேட்டிருக்கிறேன், நினைவிருக்கும். "தெரியேல்லை அம்மா. அந்தப் பாஷையைக் கேட்டால் எனக்கு நித்திரை வாற மாதிரி இருக்கு. பயமில்லாத நித்திரை" என்றாய். பின்னேர வகுப்பில் சேர்ந்து கிரேக்கம் படித்தபோது, உச்சரிப்பு எங்கிருந்து வந்தது என்று ஆசிரியர் அதிசயப்பட்டதாகவும் சொன்னாய். சின்ன வயதில் ஒரு தையல் இயந்திரத்துக்குக் கீழே இருந்து விளையாடுவது போல அடிக்கடி கனவு வரும் என்றாய். "கனவுதானே" என்று சொல்லிக் கறியைக் கிளறினேன். கடைசியில் கமெராவை எங்கள் குசினிக்குள்ளேயே கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய். "அம்மா, நான் சின்னனாக இருக்கேக்கை எங்களுக்கு ஆராவது கிரேக்கச் சனத்தைத் தெரியுமோ?" என்று கேட்டாய். நான் கமெராவைப் பார்த்து, "இல்லை. ஒருத்தரையும் தெரியாது" என்றேன். நீ பிறந்தது முதல் எங்கே இருந்தோம் என்றும் கேட்டாய். நேரே இந்த வில்லியே லே பெல் வீட்டுக்குத்தான் வந்தோம் என்றேன். அடுத்த அறையில் இருந்த அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டியது இப்போதும் என் காதில் இருக்கிறது.

மூன்று கிழமைக்கு முந்திய ஞாயிறு பின்னேரம் அந்தச் சின்னத் தியேட்டரில் உன் படத்தைப் போட்டார்கள். நீ எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருந்தாய். சுவரளவு பெரிதாக என் முகம் வந்து "இல்லை" என்று சொன்னது. நீ என் கையைப் பிடித்து, "வடிவாக இருக்கிறியள்" என்றாய். அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் தலை முழுதும் நரைத்த ஒரு பெண் திரையில் வந்தார். தேவாலய மண்டபத்தில், மடக்குக் கதிரையில், கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஊருக்குப் போனால் தன்னைப் பாரிஸ்காரி என்கிறார்கள், இங்கே ஐம்பது வருடமாகியும் எந்த நாடு என்று கேட்கிறார்கள் என்றார். பிள்ளைகள் உண்டா என்று உன் குரல் கேட்டது. "பெறவில்லை. ஆனால் நாலு வருடம் ஒரு பிள்ளையை வளர்த்தேன். மேல்மாடியில் இருந்தவர்களின் பிள்ளை. பிறகு அவர்கள் கனடாவுக்குப் போய்விட்டார்கள்." "படம் ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டாய். "இல்லை. தாய்க்குப் படம் எடுப்பது பிடிக்காது." "கோபம் இல்லையா?" அவர் கமெராவை நேரே பார்த்தார். "தூரத்துக்குப் போகிறவர்கள் எதையாவது விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நானும் என் தாயை விட்டுவிட்டு வந்தவள்தானே." தியேட்டரில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் அழுவதைப் பார்த்து நீ காதுக்குள், "இந்த இடத்திலை எல்லாரும் அழுவினம் அம்மா" என்றாய்.

அந்தப் பிள்ளை நீதான், ஜோதினி. அந்தத் தாய் நான். நாங்கள் கனடாவுக்குப் போகவில்லை.

அவர் பெயர் மதாம் கலியோப்பி என்று உனக்குத் தெரியும். எனக்கு அவரைத் தெரிந்தது லா சப்பலில், மெட்ரோப் பாலத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய கட்டடத்தில். நாங்கள் ஐந்தாம் மாடியில் ஒற்றை அறையில் இருந்தோம், அவர் மூன்றாம் மாடி. வீட்டில் இருந்தபடியே கோட்டுகளுக்கு உட்துணி தைத்துக் கொடுப்பார். அப்பா உணவகத்தில் கோப்பை கழுவினார். நான் முதல் மெட்ரோவில் போய் அலுவலகங்களைத் துப்புரவாக்கினேன். உனக்கு எட்டு மாதம். உன்னைப் பார்த்துக்கொண்ட தமிழ்ப் பெண் திடீரென்று வரமாட்டேன் என்று சொன்ன காலை, வேலை போய்விடும் என்ற பயத்தில் உன்னைத் தூக்கிக்கொண்டு படியில் இருந்து அழுதேன். மூன்றாம் மாடிக் கதவு திறந்தது. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு பெண் நின்றார். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டையில் குத்திவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டினார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது, அவர் கேட்கவும் இல்லை. உன்னைக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

அன்றிலிருந்து நாலு வருடத்துக்குக் கொஞ்சம் குறைய நீ அங்கேதான். பாலர் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிய பிறகும், விட்டு வந்தால் நேரே அவரிடம்தான் ஓடுவாய். உன் பெயரைக் கேட்டபோது அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர்கள் பாஷையில் ஃபோதினி என்று ஒரு பெயர் இருக்கிறதாம், அதற்கும் வெளிச்சம் என்றுதான் அர்த்தமாம். நான் ஜோதினி என்பேன், அவர் ஃபோதினி என்பார், நீ இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பாய். ஆரம்பத்தில் எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

உனக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது, என்னுடைய ஒரேயொரு லீவு நாளில், நீ "நெரோ, நெரோ" என்று அழத் தொடங்கினாய். எனக்கு விளங்கவில்லை. பொம்மையைத் தந்தேன், எறிந்தாய். பால் தந்தேன், தட்டிவிட்டாய். காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்தேன். அரை மணித்தியாலம் கழித்துத் தோற்றுப்போய் உன்னைக் கீழே தூக்கிக்கொண்டு போனேன். மதாம் கலியோப்பி ஒரு கிளாஸில் தண்ணீர் ஊற்றி உன் வாயில் வைத்தார். நீ மூச்சு விடாமல் குடித்தாய். நெரோ என்றால் தண்ணீர். என் பிள்ளை என்னிடம் தண்ணீர் கேட்டது எனக்கு விளங்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டு அந்தச் சொல்லை எனக்கும் சொல்லித் தந்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து அவரை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை.

பிறகு எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் தமிழ்ப் பூசையில் ஒன்று நடந்தது. உனக்கு நாலு வயது. புதுச் சட்டை போட்டு முன்வரிசையில் நிறுத்தியிருந்தேன். எல்லோரும் சிலுவை அடையாளம் போட்டபோது நீயும் போட்டாய். நெற்றி, நெஞ்சு, பிறகு வலப்பக்கத் தோள், கடைசியில் இடப்பக்கம். கிரேக்கர் அப்படித்தான் போடுவார்கள், எங்களுக்கு இடப்பக்கம்தான் முதல். மன்னாரில் இருந்து வந்த சனம் முழுதும் எங்களுக்குப் பின்னால். ஒருத்தி குனிந்து, மற்றவர்களுக்கும் கேட்க, "இது ஆரின்ரை பிள்ளை? வெள்ளைக்காரியின்ரையோ?" என்றாள். சிரித்தார்கள். நான் உன் கையைப் பிடித்து இடப்பக்கத் தோளுக்கு இழுத்தேன், நோகும்படி இழுத்தேன். நீ அழுதாய். அழுதுகொண்டு கூப்பிட்டது என்னை அல்ல, அவரை. அந்தக் கோயிலுக்குள் எனக்கு நிலம் பிளந்தால் போதும் என்றிருந்தது. இன்றைக்கு யோசித்தால், அன்று வெட்கப்பட வேண்டியது உன்னை இழுத்த கைக்குத்தான். பிள்ளை, உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் தாய் என்றபடியால் ஒன்று சொல்கிறேன். உனக்கொரு பிள்ளை பிறந்து அது வேறொருவரிடம் ஓடினால், ஓட விடு. அன்பு அங்கே போனால் இங்கே குறையும் என்று நான் நினைத்தேன். அது பிழை.

சில மாதத்தில் வில்லியே லே பெல்லில் அரசாங்க வீடு கிடைத்தது. அப்பா, "அந்த மனிசிக்கு விலாசத்தைக் குடுத்திட்டுப் போவம். ஞாயிறிலை பிள்ளையைக் கூட்டிவரலாம்" என்றார். நான் முடியாது என்றேன். மூன்றாம் மாடிக்குத் தனியே இறங்கிப்போய், எனக்கு வந்த அரைகுறைப் பிரெஞ்சில், கனடாவுக்குப் போகிறோம் என்றேன். நாங்கள் கிளம்பிய அன்று அவர் ஒரு பொதி கொண்டுவந்து தந்தார். கோட்டுத் துணியில் உனக்கென்று தைத்த சிவப்புச் சட்டைகள், ஒன்றைவிட ஒன்று பெரிது, எட்டு வயது வரைக்கும் போடக்கூடியவை. கனடாவில் குளிர் என்று உள்ளே கம்பளி வைத்திருந்தார். அந்தப் பொதியை நான் கார் து நோர் ரயில் நிலைய வாசலில் இருந்த குப்பைத்தொட்டியில் போட்டேன். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார்.

புது வீட்டில் நீ ஒவ்வொரு நாளும் அவரைக் கேட்டாய். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் போய் நிற்பாய். பத்துப் பன்னிரண்டு நாள் பொறுத்தேன். பிறகு ஒருநாள் உன்னைப் பிடித்து என் முன்னால் நிறுத்தி, "அவ செத்துப்போனா. இனிக் கேக்கக் கூடாது" என்றேன். நீ கேட்கவில்லை. அவரை மட்டும் அல்ல, எதையும் கேட்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் வாயே திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு வீட்டில் ஏதும் நடந்ததா என்று விசாரித்தார்கள். வீடு மாறியதால்தான் என்றேன். நீ மறுபடி கதைக்கத் தொடங்கியபோது, தமிழும் பிரெஞ்சும்தான் வந்தன. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அப்படி நினைத்த மனம் என்னுடையதுதான், அதை மறைத்துப் பயனில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இரண்டு வருடத்துக்குப் பிறகு லா சப்பலில் அரிசி வாங்கிக்கொண்டு நின்றபோது, அவர் கடைக்குள் வந்தார். உன்னை அன்று வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். நான் குனிந்து அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தேன். கடைக்காரர், "என்னக்கா, ஏதும் விழுந்திட்டுதோ?" என்று கேட்டார். கையைக் காட்டி அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். மதாம் கலியோப்பி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒன்றும் வாங்காமல் போனார்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் அப்பா எனக்காக வாய் திறக்காமல் இருந்தார். உன் படம் முடிந்து ரயிலில் வரும்போதுதான் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார். "இஞ்சரும், இனி நீர் சொல்லுறீரோ, நான் சொல்லட்டோ?" "நான் சொல்லுறன்" என்றேன். "எப்ப?" என்றார். நான் கைப்பையைத் திறந்து மூடினேன். "முதல் அந்த மனிசியிட்டைப் போம். பிறகு பிள்ளையிட்டைப் போம்" என்றார். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவர் எனக்குக் கட்டளை மாதிரி ஒன்று சொன்னது அன்றைக்குத்தான்.

போன ஞாயிறுதான் கிரேக்கத் தேவாலயத்துக்குப் போனேன். பூசை முடிந்து வந்த ஒரு பெண்ணிடம் விசாரித்தேன். யார் கேட்கிறார்கள் என்று சொல்ல வேண்டும் என்றாள். "ஐந்தாம் மாடிக்காரி என்று சொல்லுங்கள்" என்றேன். அவள் தொலைபேசியில் கதைத்துவிட்டு விலாசத்தை எழுதித் தந்தாள். பியர்ஃபித். நீ அவரைத் தேவாலயத்திலேயே சந்தித்தபடியால் அவர் வீடு உனக்குத் தெரியாது. ஒன்பது வருடமாக அவர் எங்களுக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி இருந்திருக்கிறார். நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும் ரயில் அவருடைய நிலையத்தில் நின்றுதான் போகிறது.

கதவைத் திறந்து, "படம் போட்ட பிறகு வருவாய் என்று நினைத்தேன்" என்றார். தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். பிரெஞ்சில்தான் கதைத்தோம். இப்போது எங்கள் இருவருக்கும் அது நன்றாக வருகிறது. நான் மன்னிப்பு என்று தொடங்கினேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"உன் மகள் மண்டபத்தில் என் முன்னால் வந்து பெயரைச் சொன்னாள். ஜோதினி. கதிரையில் இருந்துவிட்டேன். களைப்பாக்கும் என்று நினைத்துக்கொண்டு கமெராவைச் சரிப்படுத்தினாள்."

"அப்போதே தெரிந்ததா? ஏன் அவளிடம் சொல்லவில்லை?"

"சொல்ல வேண்டியது தாய். நான் சொன்னால் அவளுக்கு நான் கிடைப்பேன், நீ இல்லாமல் போவாய். அதனால் நான் வளர்த்த பிள்ளையின் பெயரைச் சொல்லவில்லை. கனடா என்றே சொன்னேன். நீ பார்ப்பாய், உனக்கு விளங்கும் என்று தெரியும்."

என் பொய்யை எனக்காக அவர் காவல் காத்திருக்கிறார், ஜோதினி. உன் கமெராவுக்கு முன்னால், நீ அவரை முகத்துக்கு நேரே கேட்டபோது, உன்னைத் தொடவேண்டும் போல் இருந்திருக்கும். கைத்தடியைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"கனடா இல்லை என்று எப்போது தெரியும்?" என்று கேட்டேன். "கடையில் அன்று உன் சப்பாத்தைப் பார்த்தேன். மூட்டைக்கு வெளியே தெரிந்தது. என்னைக் கண்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிக்கிற ஒரு தாயின் வீட்டுக் கதவை நான் எப்படித் தட்டுவது?"

பிறகு அவர் கேட்டார். "பிள்ளை என்னைத் தேடியிருப்பாளே. அவளுக்கு என்ன சொன்னாய்?"

பொய் ஒன்று நாக்கில் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு உண்மையைச் சொன்னேன். "நீங்கள் செத்துப்போனதாகச் சொன்னேன்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். தெருவில் பஸ் ஒன்று வந்து நின்று போகும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார். "கனடாவை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். மூட்டையையும் மன்னித்துவிட்டேன். இதை முடியாது. எனக்காக இல்லை. நாலரை வயதுப் பிள்ளை ஒரு செத்தவீட்டைத் தன்னந்தனியாகச் சுமந்திருக்கிறது. பக்கத்தில் ஒருவரும் இல்லாமல். நீ இருந்தும் இல்லாமல்." எழுந்து கதவைத் திறந்து பிடித்தார். "நீ இனி வராதே. பிள்ளையை அனுப்பு. முதல் நாள் கமெரா வேண்டாம்."

வாசலில் நின்று, "வியாழக்கிழமை மூன்று மணிக்கு வருவாள்" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

மன்னிப்பு நான் உன்னிடம் கேட்கவில்லை. அவர் தராததை உன்னிடம் வாங்க நான் முயன்றால் அது இன்னொரு களவு. இதை வாசித்துவிட்டு நீ என்னோடு கதைக்காமல் விமானம் ஏறினாலும் எனக்கு விளங்கும். படத்தில் என்னைப் பற்றி என்ன சேர்க்க நினைத்தாலும் சேர். ஆனால் இந்த வியாழக்கிழமை அவரிடம் போ, பிள்ளை. நிலையத்தில் இறங்கி வலப்பக்கம் திரும்பினால் மருந்துக்கடை, அதற்கு அடுத்த கட்டடம், முதலாம் மாடி. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், பலமாகத் தட்டு. இத்தனை வருடத்தில் நான் அவருக்குச் சொன்ன பேச்சுகளில் இது ஒன்றாவது பொய்யாகப் போகக் கூடாது.

அம்மா